விடயம்: மாதவாரிச் செலவு அறிக்கை பிழையாக வருதல் (நான்காவது முறைப்பாடு)

ஐயா,

முன்னைய மூன்று முறைப்பாடுகளுக்கும் "மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள்" என்றே பதில் வந்தது. மூடித் திறந்தால் கூட்டுத்தொகை மாறுமா?

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுவது விடியப்புறத்தில். ஏப்ரல் 1ஆந் திகதி அதிகாலை 4.10க்குப் பதிந்த 38,400 ரூபாய் உங்கள் அறிக்கையில் மார்ச்சில் நிற்கிறது. நீங்கள் நேரத்தை யூரீசியில் (UTC, உலகப் பொது நேரம்) சேமிக்கிறீர்கள். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் கூட. அதனால் அந்தப் பதிவு தரவுத்தளத்தில் மார்ச் 31 இரவு 10.40. மாதத்தைப் பிரித்தெடுக்க முன்னர் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் போதும். செய்யாததால் செலவு முந்திய வரி ஆண்டுக்கே போய்விட்டது.

இதைச் சொன்னதற்கு உங்கள் உதவி மையத்துத் தம்பி, "அக்கா, திகதியை 2 என்று போடுங்கோவன், எங்களுக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். பற்றுச்சீட்டில் 1, பதிவில் 2. கணக்காய்வாளர் கேட்டால் அவரா வந்து பதில் சொல்வார்?

இன்னொன்று. எல்லா வருடத்தையும் தெரிவு செய்தால் 2023 ஏப்ரலும் 2024 ஏப்ரலும் ஒரே வரிசையில் கூடி வருகின்றன. பதிவுகளைத் தொகுக்கும் குரூப் பை (GROUP BY) கட்டளையில் மாத எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். வருடமும் சேர்ந்து வரவேண்டும். இது உங்கள் பொறியியலாளர்களுக்குத் தெரியாமல் இருக்காது. வாடைக்காற்றில் படகு இறங்காத டிசம்பருக்குப் பதிவே இல்லை. அறிக்கையில் அந்த மாதமே காணாமல் போய், சராசரியை 11ஆல் பிரிக்கிறது. பன்னிரண்டு மாதங்களையும் கொண்ட அட்டவணையை இடது பக்கம் வைத்து லெப்ட் ஜொயின் (LEFT JOIN, பதிவு இல்லாத மாதத்தையும் விடாமல் இணைக்கும் கட்டளை) செய்து, வெற்றாக வரும் தொகையைப் பூச்சியமாக மாற்றினால் டிசம்பர் பூச்சியத்தோடு வரும்.

இதைக் காட்ட மடிக்கணினியோடு இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்தேன். முறைப்பாட்டு இலக்கம் இல்லையென்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த இலக்கத்தைத் தரவேண்டியது நீங்கள்! மூன்று வருடக் கணக்கும் நாசம். திகதியை மாற்றச் சொன்ன அந்தத் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

தயவுசெய்து 14 நாட்களுக்குள் திருத்திய பதிப்பை அனுப்புங்கள். இல்லையேல் வருடச் சந்தாவைத் திருப்பிக் கேட்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன். பிழையான பதிவுகளின் பிரதிகளை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு,
திருகோணமலை