கனவுப் பலனில் சாவு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கனவுப் பலன் பகுதியைப் பற்றி எழுதுகிறேன். பல் விழுவதுபோல் கனவு வந்தால் நெருங்கிய உறவில் இழப்பு, பாம்பு துரத்தினால் கடன் தொல்லை, வீட்டில் கல்யாணம் நடப்பதாகக் கண்டால் துக்கச் செய்தி என்று வாராவாரம் போடுகிறீர்கள். அந்தப் பகுதியையே நிறுத்தச் சொல்லவில்லை. அதில் சாவையும் கேட்டையும் முன்கூட்டிச் சொல்லும் வரிகளை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் காங்கேயம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். போன மாதம் தறி வேலைக்குப் போகும் ஓர் அக்கா தூக்க மாத்திரை கேட்டு வந்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றதும் சுருக்குப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். உங்கள் பகுதியில் வந்த அந்தப் பல் விழும் கனவு. "ரெண்டு தடவ வந்துபோச்சு அம்மிணி. அதுவும் கோழி கூப்பிடற நேரத்துல. ஆருக்கு என்னாகுமோன்னு கண்ணையே மூட முடியலீங்க" என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் வலது கன்னத்தை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டார். காலையில் எழும்போது தாடை வலிக்குதுங்களா என்று கேட்டேன். ஆமாம், கடைவாய்ப் பல் ஒன்று ரொம்ப நாளாகவே சொத்தை, கிராம்புத் தைலம் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். முதலில் பல் டாக்டரைப் பாருங்கள் என்று எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "அப்போ பையன நைட் ஷிப்ட்டுக்கு அனுப்பலாமுங்களா?" பையனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து ஒரு வாரமாக அவனை வீட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார். அந்த வாரக் கூலி அந்த வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பல் கனவை 2018இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் தனியாகவே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மனக்கவலையைவிட, விழிக்கும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்தோடும் வலியோடும்தான் அந்தக் கனவு சேர்ந்து வந்திருக்கிறது. ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். வாய்க்குள் நடப்பதைத்தான் கனவு தன் பாஷையில் சொல்கிறது என்று அந்த அக்காவுக்கு உங்கள் பகுதி சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கை பழையது. முதல் சாமத்துக் கனவு ஓராண்டிலும், இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்திலும், மூன்றாம் சாமத்தது மூன்று மாதத்திலும், கடைசிச் சாமத்தது பத்து நாளுக்குள்ளும் பலிக்கும் என்று கனா நூல் கணக்கே போட்டிருக்கிறது. விடியலை நெருங்க நெருங்கக் கனவு அழுத்தமாகிறது என்பதை நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். அது சரியான கவனிப்பு. தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டத்தில்தான் தெளிவான கனவுகள் அதிகம் வருகின்றன. இதை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்டார்கள். விடியற்காலைச் சுற்றுகளில் இந்தக் கட்டம் நீளும். அதன் நடுவிலோ முடிவிலோ விழித்துக்கொள்வதால் கனவு மனதில் அப்படியே நிற்கிறது. இது யாருக்கும் புரியும் செய்தி. இதைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

அதே கட்டத்தில் கை கால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கனவில் ஓடுவதை உடம்பு நிஜமாகச் செய்துவிடாமல் இருக்க இயற்கை வைத்த காவல் அது. சில நேரம் உடம்பு விடுபடுவதற்கு முன்னால் நினைவு வந்துவிடும். கத்த நினைத்தால் குரல் வராது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அமுக்குவான் பேய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ஷிப்ட் மாறி மாறித் தூங்குகிறவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் இது அடிக்கடி வரும். தறிப்பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் நிறைந்த நம் பகுதியில் இந்த ஒரு விஷயம் தெரியாததால் செய்வினை என்று நம்பிக் கடன் வாங்கிக் கழிப்புக் கழித்த இளைஞர்களை நானே பார்த்திருக்கிறேன். பள்ளத்தில் விழுவதுபோல் திடுக்கிட்டு எழுவது தூக்கத்துக்குள் நுழையும்போது தசை வெட்டி இழுப்பதால் வருவது. அலுப்பும் நேரங்கெட்ட நேரத்து டீயும் அதை அதிகமாக்கும்.

கல்யாணக் கனவு கெட்டது என்று போடுகிறீர்களே, ஆண்டாள் கண்டது கல்யாணக் கனவுதானே? அதை வைணவக் கல்யாணங்களில் இன்றைக்கும் பாடுகிறார்கள்.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. எங்கள் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்தர் ஒருவர் கனவில் சுப்பிரமணியர் வந்து ஒரு பொருளைச் சொன்னால், அதை அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசை செய்வார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அதுவே இருக்கும். ஆனால் கனவு கண்டேன் என்று யார் வந்து சொன்னாலும் உடனே வைத்துவிட மாட்டார்கள். சாமி முன்னால் பூக்கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகுதான் வைப்பார்கள். கனவை இவ்வளவு நம்பும் கோயிலே மறுபடியும் ஒரு முறை கேட்டுப் பார்க்கிறது. யார் வீட்டில் சாவு விழும் என்று அங்கே யாரும் சொல்வதும் இல்லை. உங்கள் பகுதியில் அந்தப் பொறுப்பு வேண்டாமா?

செத்துப்போனவர்கள் கனவில் வந்து தண்ணி கேட்டார்கள் என்றால் படையல் போடுவதும், ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறை போய்த் திதி கொடுப்பதும் நம் வழக்கம். அதில் மனதுக்கு ஆறுதல் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். பாம்புக் கனவுக்குப் பரிகாரம், தகடு என்று ஆயிரக்கணக்கில் பணம் பறிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. தோட்டத்தில் வரப்பில் நடக்கும்போது நிஜப் பாம்பை மிதிக்காமல் தப்பியவர் கனவில் பாம்பைக் காணாமல் வேறு எதைக் காண்பார்?

கனவைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் பிராப்ரனலால் போன்ற சில மாத்திரைகள் சிலருக்குக் கெட்ட கனவுகளைக் கொண்டுவரும். அப்படி வந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குடியை நிறுத்தும்போது முதல் சில வாரங்கள் பயங்கரக் கனவுகள் வரலாம். அதற்குப் பயந்தே மறுபடி குடிக்கப் போகிறவர்கள் உண்டு. இது கொஞ்ச நாளில் அடங்கும் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அதைக் குறைக்கும் பயிற்சிகள் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட அவசரம் ஒன்று உண்டு. வயதான ஆண்கள் சிலர் கனவில் யாரோடோ சண்டை போட்டு, தூக்கத்திலேயே கத்தி, கை கால் வீசிப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை அடித்துவிடுவார்கள். நான் முன்னே சொன்ன அந்தத் தசைக் காவல் தளர்ந்துபோவதால் வருவது இது. சிலருக்கு நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும் அறிகுறியாகவும் இருக்கலாம். எதிரி தொல்லை என்று பலன் படித்து அதை விட்டுவிடக் கூடாது. நரம்பு டாக்டர் ஒருவரைக் கொண்டு இதைப் பற்றி முதல் வாரமே எழுத வையுங்கள். பல் விழும் கனவு அதற்கடுத்த வாரம் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காங்கேயம்.