யாரும் எண்ணாத ரோல்ஸ்

ஆசிரியருக்கு,

பஸ்ஸில் கிடந்த பணப்பையை உரியவரிடம் சேர்ப்பித்த நடத்துநர் பற்றிய செய்தியை உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். சந்தோஷம். ஆனால் ‘இந்தக் காலத்திலும் இப்படி ஒருவரா’ என்ற தலைப்புத்தான் உறுத்தியது. நேர்மை அவ்வளவு அரிய சரக்கு அல்ல. 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வுக்காக, 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகளைத் தெருவில் கண்டெடுத்ததாகச் சொல்லி வங்கி, ஹோட்டல் போன்ற இடங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். காசில்லாத பைகளில் சுமார் 40 சதவீதத்துக்கும், காசு இருந்தவற்றில் 51 சதவீதத்துக்கும் அங்கே வேலை செய்தவர்கள் உரியவரைத் தேடித் தொடர்புகொண்டார்கள். காசு இருந்தால் ஆசையும் கூடும் என்றுதானே நாம் நினைப்போம்? ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, தன் கண்ணுக்கே தான் கள்ளனாகத் தெரிவதை மனிதர் விரும்புவதில்லை என்பது.

கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடையொன்றில் சில காலம் காசு மேசையில் இருந்தவன் நான். வடை, ரோல்ஸ், பற்றிஸ் எல்லாம் கலந்து ஒரு தட்டு மேசைக்குப் போகும்; தின்றது எத்தனை என்று அவர்களே வந்து சொல்வார்கள். மத்தியானக் கூட்டத்தில் யார் எண்ணுவது? வாசல் வரை போனவர் திரும்பி வந்து, “தம்பி, இன்னொரு ரோல்ஸும் போடுங்கோ” என்றது எத்தனையோ தடவை. ஆகவே மெச்சுவதோடு நிற்காமல், வழியையும் செய்து கொடுப்போம். பையை எடுத்தவருக்கு அதை எங்கே ஒப்படைப்பது, பொலிஸுக்குப் போனால் எவ்வளவு நேரம் மினக்கெட வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் கவலை. புறக்கோட்டை பஸ் நிலையத்தில் கண்டெடுத்த பொருட்களை ஒப்படைக்க எல்லோருக்கும் தெரியும்படி ஒரு கருமபீடம் வைத்து, அதன் தொலைபேசி இலக்கத்தை மூன்று மொழிகளிலும் பஸ்களுக்குள் ஒட்டலாம்.

வாசகர்,
கொழும்பு - 13