ரெவரெண்ட் வாங்கலாமா?

அன்புள்ள கதிருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ரெவரெண்ட் கிட்டாரைப் பற்றிப் பேசும்போது, “கொரியாவில் செய்ததுதானேப்பா, அதற்கு இவ்வளவு விலையா?” என்றாய். பத்து வருஷத்துக்கு முன் அவர்களுடைய பல மாடல்கள் ஆயிரம் டாலருக்குள் கிடைத்தன. இன்று அந்தப் பணத்துக்குப் புதியது வாங்குவது கஷ்டம். உன் வருத்தம் புரிகிறது. ஆனால் “கொரியாவில் செய்ததுதானே” என்ற பேச்சு மனசுக்கு ஒப்பவில்லை.

மெல்லிசைக் குழுவில் நான் முதலில் வாசித்த கிட்டார் உனக்குத் தெரியாது. மலிவு என்று வாங்கியது. ஃப்ரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின் விளிம்புகளை அராவாமல் விட்டிருந்தார்கள். கச்சேரி முடிந்தால் இடது உள்ளங்கை ஓரமெல்லாம் கீறல். நாலு பாட்டுக்கு மேல் சுருதி நிற்காது. அந்த அராவும் வேலைக்கு ஒரு ஆள் உட்கார்ந்து நேரம் செலவழிக்க வேண்டும். கிட்டார் விலையில் அந்த நேரத்துக்கும் பங்கு உண்டு.

ரெவரெண்ட், ஜோ நெய்லர் அமெரிக்காவில் மிச்சிகனில் தொடங்கிய சின்னக் கம்பெனி. தயாரிப்பு கொரியாவுக்குப் போன பிறகும், வந்து இறங்கும் ஒவ்வொரு கிட்டாரையும் ஒஹையோவில் டொலீடோ பட்டறையில் செட்டப் செய்து, அதாவது வாசிக்கத் தோதாகச் சரிபார்த்துதான் கடைக்கு அனுப்புகிறார்கள். ஆக, இரண்டு நாட்டில் கூலி. கொரியாவில் குறைந்தபட்சக் கூலி 2017இல் மணிக்கு 6,470 வான், 2025இல் 10,030. பாதிக்கு மேல் ஏறிவிட்டது. அதே 2025 ஆகஸ்டில் அமெரிக்கா கொரியப் பொருள்களுக்கு 15 சதவீத வரியும் போட்டது. லட்சக்கணக்கில் விற்கிறவன் இதைத் தாங்குவான், சின்னக் கம்பெனி எங்கே போகும்?

கூலி ஏறாமல் இருக்கவும் வழி உண்டு. கோர்ட் (Cort) என்ற கிட்டார் கம்பெனி 2007இல் கொரியத் தொழிற்சாலைகளை மூடிவிட்டு இந்தோனேசியா, சீனா என்று போனது. வேலை இழந்தவர்களின் போராட்டம் 2019இல்தான் முடிந்தது. அப்படி வரும் மலிவு எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

அதனால் விலை நியாயம்தான் என்பேன். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் ராக் குழுவின் பில்லி கோர்கன் பெயர் போட்ட மாடலை மட்டும் யோசித்து எடு. அதிலுள்ள பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) ஒலி உனக்கு வேண்டுமென்றால் சரி, பெயருக்காக வேண்டாம்.

இன்னொன்று. செகண்ட் ஹேண்டில் பெரிய பிராண்டுகளுக்கு நிற்கிற மாதிரி இதற்கு விலை நிற்காது. நீ இதுவரை இரண்டு கிட்டாரை வருஷம் திரும்புவதற்குள் விற்றிருக்கிறாய். இதையும் விற்பாய் என்றால் பழையதாகவே வாங்கு. பத்து வருஷம் வாசிப்பேன் என்றால் புதியது வாங்கு, குறைகிற பணத்தை நான் அனுப்புகிறேன்.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது பேஸ் காண்டூர் என்ற, கனத்த அடி ஒலியைக் குறைக்கிற குமிழை முழுக்கத் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை, ஒரே கார்டை (chord) வாசித்து ரெக்கார்டு பண்ணி அனுப்பு. நானும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா