மிளகை மட்டும் ஏன் தரவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

என் பூனைகள் மிளகும் சீரகமும் சென்ற ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூருக்குப் போய்விட்டன, இரண்டும் ஒரே வீட்டுக்கு. சித்தி வழியாக இந்தச் செய்தி உனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். தாம்பரத்தில் நீ இருக்கும்போது ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்ற பேச்சும் அதனுடன் சேர்ந்தே வந்திருக்கும். தொலைபேசியில் பேசினால் நம் இருவரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம் என்பதால்தான் எழுதுகிறேன். பூனைகளுக்கு வீடு தேடிக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று பொதுவில் எழுதுவதால், நம் வீட்டு விஷயங்கள் சிலவற்றைத் தொட்டும் தொடாமலும் போவேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் வெள்ளம், மீட்டர் பெட்டி மேல் இரண்டு குட்டிகள் என்பதையெல்லாம் உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் மூச்சுத் திணறலையும், வீட்டில் இனிப் பூனை இருக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதையும் நீ அறிவாய். "மிளகை என்னிடம் கொடு, மற்றதற்கு வேறு இடம் பார்" என்று நீ சொன்னபோது அது உதவியாகத்தான் சொல்லப்பட்டது என்பதை நானும் அறிவேன்.

ஒரே ஈற்றில் பிறந்த பூனைகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வாழ்வதில்லை. வளர்ந்த பிறகு ஒன்றைக் கண்டால் ஒன்று சீறி, ஆளுக்கொரு அறையைப் பிடித்துக்கொள்ளும் உடன்பிறப்புகளும் உண்டு; அவற்றைத் தனித்தனியாகக் கொடுப்பதே அவற்றுக்கு நல்லது. இவை அப்படியல்ல. குட்டியில் வந்த பூனைச் சளியில் சீரகத்தின் இடது கண் வெளுத்துப் பார்வை போனதிலிருந்து, மிளகு தன் இடப்பக்கம் வரும்படி விலாவோடு விலா உரசிக்கொண்டுதான் அது நடக்கும். ஜன்னல் திட்டிலிருந்து மிளகு முதலில் குதித்து, கீழே நின்று ஒரு குரல் கொடுத்த பிறகே சீரகம் குதிக்கும். நீ வந்த நாட்களில் இதைப் பார்த்து "ஒற்றைக் கண்ணனுக்கு ஒரு காவல்காரி" என்று சிரித்தவளும் நீதான்.

அப்படியிருந்தும் மே மாதத்தில் நீ கேட்டபோது மிளகை மட்டும் கொடுத்து அனுப்பினேன். பாப்பாவின் பிறந்தநாள், பாப்பா கேட்கிறாள், என்னால் மறுக்க முடியவில்லை. அன்று இரவு சீரகம் வாசற்கதவின் அடியிலிருந்த இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வந்து தட்டை முகர்ந்துவிட்டு மறுபடியும் அங்கேயே போனது. உன் வீட்டில் மிளகு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் புகுந்துகொண்டு வெளியே வர மறுப்பதாகவும், மீனைக்கூடத் தொடவில்லை என்றும் நீ சொன்னாய். "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்று நீ சொன்னது நாய்க்குப் பொருந்தலாம். பூனை இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து, காப்பாற்றுவதே கடினமாகிவிடும். மூன்றாம் நாள் மாலை கால்நடை மருத்துவர் இதை என்னிடம் சொன்னார். அடுத்த ஒரு மணி நேரத்தில் உன் வாசலில் நின்றேன். பாப்பா அழுதுகொண்டே கூடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஆட்டோவில் ஏறிவிட்டேன். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடம் கேட்பதாக இல்லை, ஏனென்றால் கூடை ஆட்டோவில் ஏறும்போது "ஒரு பூனைக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று மாடி வீட்டார் காதில் விழும்படி கேட்டவள் நீ.

அதன் பிறகு நடந்ததை இதுவரை நான் உனக்குச் சொல்லவில்லை. மிளகை இறக்கிவிட்டதும் சீரகம் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். அதுவோ முதுகை வளைத்துச் சீறியது. உன் வீட்டுச் சாம்பிராணி வாசனை மிளகின் உடம்பெல்லாம் ஏறியிருந்தது, பூனை ஆளை அடையாளம் காண்பது மூக்கால்தான். ஒன்றை ஒரு அறையில் அடைத்து, ஒரே துண்டால் இரண்டையும் மாறிமாறித் துடைத்து, கதவின் இரு பக்கமும் தட்டு வைத்து, வாசனை மறுபடி ஒன்றான பிறகே மிளகின் காதைச் சீரகம் நக்கிக் கொடுத்தது. இதைச் சொல்லியிருந்தால் "பார்த்தாயா, உன் பாசமலர்கள்" என்று நீ சிரித்திருப்பாய் என்பதால் மறைத்தேன். எனக்கு அது வேறொன்றைத்தான் காட்டியது: இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சேர்த்து வைத்திருக்கவே முடியாமல் போயிருக்கலாம்.

பிரிக்க மாட்டேன் என்று முடிவெடுத்த பிறகு வீடு கிடைப்பது எளிதாக இல்லை. அழைத்தவர்களில் பாதிப் பேர் "பெர்ஷியனா?" என்று கேட்டார்கள், மீதிப் பேருக்கு இரண்டு கண்ணும் சரியாக உள்ள பூனை மட்டும் போதுமாக இருந்தது. மீன் மார்க்கெட்டில் விட்டுவிடு, தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்றார் நம் உறவினர் ஒருவர். பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று அவருக்குச் சொன்னேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவரும் இதைப் படிப்பார்.

கோயம்புத்தூர்த் தம்பதியிடம் நான் அடையாள அட்டை கேட்டதையும், வீட்டை வீடியோவில் காட்டச் சொன்னதையும் பெண் கொடுப்பதுபோல் இருக்கிறதென்று நீ கேலி செய்ததாகக் கேள்விப்பட்டேன். ஆம், அப்படித்தான் கேட்டேன். பால்கனிக்கு வலை அடித்த பிறகே அனுப்புவேன் என்றேன், அடித்துப் படம் அனுப்பினார்கள். இரண்டு பூனைக்கு மூன்று மணல் பெட்டி வேண்டும் என்பதை நான் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். கருத்தடையும் தடுப்பூசிகளும் முடித்த சீட்டுகளைக் கொடுத்து, எப்போதாவது வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் தராமல் எனக்கே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாள் முதலில் கேட்டது சீரகம் எந்தப் பக்கத்திலிருந்து தொட்டால் பயப்படாது என்பதை.

உன் வீட்டில் இரண்டுக்கும் இடமில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. இருப்பது இரண்டு அறை, பாப்பா, மாமாவின் இரவு வேலை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் உன்னிடம், ஆறு மாதம் என்னிடம் என்று அம்மாவைப் பங்கிட்டபோதும் எல்லாரும் அதை நியாயம் என்றார்கள். உன் ஆறு மாதம் எத்தனை முறை நான்காகச் சுருங்கியது என்பதை இங்கே எழுத மாட்டேன். அம்மாவை நீ குளிப்பாட்டித் தலை துவட்டும் பக்குவம் எனக்கு இன்றும் வராது என்பதையும் எழுதிவிடுகிறேன், அதுவும் உண்மை.

பாப்பா ஞாயிறு மாலைகளில் வீடியோவில் மிளகைப் பார்க்கலாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; எண்ணை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். தை பிறந்ததும் அம்மாவை அழைத்துப்போக வருவதாகச் சொன்னாய். தேதியை இப்போதே சொல்லிவிடு; சென்ற முறை அம்மா பையைக் கட்டி வைத்துக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்தாள்.

அன்புடன்,
உன் தங்கை