கட்டில் அளவு என்னங்க?

அன்புள்ள அம்மிணி,

"கரூர்ல என்ன இருக்குதுங்கத்தை, பெட்ஷீட்டுத்தானே?" என்று போனில் சிரித்தாய். பெட்ஷீட்டேதான். நீ பெங்களூரில் போட்டிருக்கும் புதுக்குடித்தனத்துக்கு இரண்டு விரிப்பும் ஒரு கொசுவலையும் எடுக்கலாமென்றுதான் போன புதன்கிழமை ஈரோட்டில் ரயிலேறினேன். என்ன வாங்கினேன், எதை வாங்காமல் வந்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜவகர் பஜாரில் ஏசி போட்டு, வாசலில் வணக்கம் சொல்ல ஆள் நிறுத்திய கடைகளும் இருக்கின்றன. அதற்குள் நான் நுழையவில்லை. அந்தக் கடை எந்த ஊரிலும் கிடைக்கும். ஒற்றை ஷட்டரும், கல்லாவில் முதலாளியும், ஏணி மேல் ஒரு பையனுமாக இருக்கும் சந்துக்கடைகளில்தான் அன்றைக்கு முழுக்கச் சுற்றினேன்.

இந்த ஊர்த் துணியில் பெரும்பகுதி மேசை விரிப்பாகவும் சமையலறைத் துண்டாகவும் ஏப்ரனாகவும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. ஆர்டரில் மிஞ்சியது, அச்சு ஒரு நூல் விலகியது எல்லாம் சந்துக்கு வந்துவிடும். சித்திரை வெயிலில் முந்தானையால் விசிறிக்கொண்டு, பனிமரமும் கலைமானும் போட்ட கைத்துண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உங்கப்பன் பார்த்திருந்தால் ஒரு வருசத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பான்.

விரிப்புக் கடைக்காரருக்கு அறுபது வயசிருக்கும். நான் மொடமொடவென்று இருந்த ஒன்றை ஆசையாக எடுத்தேன். வாங்கி, ஒரு மூலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கிக் காட்டினார். கையெல்லாம் வெள்ளைப் பொடி. "கஞ்சிங்க. ரெண்டு தண்ணி பட்டா சல்லடையாப் போயிரும்." அப்புறம் இன்னொன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நெசவு நெருக்கமாக, ஓட்டை தெரியாமல் இருந்தது. முதலில் எடுத்ததும் அவர் கடைச் சரக்குதானே, அதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "கேக்கறவங்க கேக்கறாங்களே" என்றார். நியாயம்தான். போனில் படம் பார்த்து நீ வாங்கின விரிப்பு மூன்று மாசத்தில் நரைத்துப்போனதே, அதை யார் கசக்கிப் பார்த்தது?

இரண்டு விரிப்பு எடுத்தாயிற்று. கொசுவலைக் கடையில்தான் மாட்டிக்கொண்டேன்.

"கட்டில் அளவு என்னங்க?"

"டபுள் கட்டிலுங்க."

"டபுள் கட்டில்ல அஞ்சுக்கு ஆறே காலும் இருக்குது, ஆறுக்கு ஆறே காலும் இருக்குது. உசரமும் பாக்கோணும், ஃபேன்ல மாட்டிக்கப்படாது."

உனக்குப் போன் போட்டேன். நீ மீட்டிங்கில் இருந்தாய்போல, எடுக்கவில்லை. பெரிசாகவே ஒன்று கொடுத்துவிடுங்கள் என்று காசை நீட்டினேன். வாங்கவில்லை. "நீங்க குடுத்துட்டுப் போயிருவீங்க. வலை தொளதொளன்னு கிடந்தா அந்தப் பாப்பா ராத்திரி பூராக் கடி வாங்கோணும். அளவு கேட்டுட்டு வாங்க, தெச்சுத் தர்றேன்." கையில் காசோடு வந்தவளைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இந்த மாதிரி ஆட்கள் இருந்ததால்தானோ என்னவோ, வியாபாரிகள் சேர்ந்து 1916இல் கரூர் வைசியா வங்கியும் 1926இல் லட்சுமி விலாஸ் வங்கியும் இந்த ஊரிலேயே தொடங்கினார்கள். இரண்டாவது வங்கியின் பெயர் 2020இல் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

சாயந்திரம் ஒரு தள்ளுவண்டியில் கரம் சாப்பிட்டேன். பொரியில் துருவின கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னிகளும் போட்டுக் கலக்கி, மேலே தட்டுவடையை நொறுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். பானிபூரி கிடைக்கிற ஊரிலெல்லாம் இது ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். போகும்போதே புகளூரில் இறங்கி வேலாயுதம்பாளையம் மலை ஏறினேன். ஆறுநாட்டார் மலை என்பார்கள். மேலே முருகன் கோயில். பாறைக் குகையில் சமண முனிவர்களுக்கு வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகள். பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்தில் சேர அரசர்கள் பெயர் இருக்கிறது. ஏறத்தாழ 1,800 வருசத்துக்கு முந்தின எழுத்து. அரசர்களை விடு. அதே மலையில் ஒரு கடைக்காரர் பெயரும் இருக்கிறது: "கருவூர் பொன் வாணிகன் நத்தி அதிட்டானம்." கரூரில் பொன் விற்ற நத்தி என்பவர் கொடுத்த இருப்பிடம். ஊர், தொழில், பேர், அவ்வளவுதான். இன்றைக்குக் கடைப் பலகையில் எழுதுகிற அதே வரிசை.

அந்தப் படுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, உன் படுக்கைக்குத் துணி வாங்கப் பஸ் ஏறினேன். அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகளும், பேர் பொறித்த மோதிரங்களும் கிடைத்த ஊர் இது. பஸ்ஸில் உட்கார்ந்து, நத்திக்கு எந்தத் தெருவில் கடை இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன். அவரும் விரல் அளவு கேட்காமல் மோதிரம் விற்றிருக்க மாட்டார்.

விரிப்பு இரண்டையும் பார்சல் போட்டிருக்கிறேன். நீலத்தை முதல் தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசு. கலைமான் துண்டு உங்கம்மாவுக்கு, பிரிக்காதே. அப்புறம், இன்றைக்கு ராத்திரியே டேப் எடுத்து அளந்து அனுப்பு. தலைமாட்டுப் பலகையைச் சேர்க்காதே, மெத்தையை மட்டும். ஃபேனுக்கும் மெத்தைக்கும் நடுவில் எத்தனை அடி என்பதையும் எழுது. அதையும் அவர் கேட்பார்.

அன்புடன்,
அத்தை