காட்டுயிர், மனிதர் நுரையீரல் பூஞ்சை நோய்களுக்குப் பொதுப் பதிவேடு கோரும் மனு

அனுப்புநர்
காட்டுயிர்ப் பிணக்கூறாய்வுப் பணியில் உள்ள கால்நடை மருத்துவர்

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
பொதுச் சுகாதாரத் துறை

பொருள்: காட்டுப் பாலூட்டிகளின் நுரையீரலில் காணப்படும் பூஞ்சைத் தொற்றுகளை மருத்துவமனைகளுக்குத் தெரிவிக்க வழிசெய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இறந்த காட்டு விலங்குகளை அறுத்துப் பார்த்து இறப்பின் காரணத்தை எழுதுவது என் பணி. வாகனத்தில் அடிபட்டு இறந்த நீர்நாய் ஒன்று ஒருமுறை என்னிடம் வந்தது. அதன் நுரையீரல் முழுவதும் சாம்பல் வெள்ளைப் புள்ளிகள். திசுவுக்கு வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, தடித்த சுவர் கொண்ட உருண்டைகள் தெரிந்தன. அடியாஸ்பைரோமைகோசிஸ் என்ற பூஞ்சை நோய் அது. விலங்கு இறந்தது விபத்தில் என்பதால், அறிக்கையில் நோய்க்குக் கிடைத்தது ஒரே வரி. அந்த வரியும் கோப்பிலேயே தங்கிவிட்டது. அதை ஒரு நுரையீரல் மருத்துவருக்குத் தெரிவிக்க முறையான வழி எதுவும் என்னிடம் இல்லை.

இந்நோயை உண்டாக்கும் எம்மோன்சியா கிரெசன்ஸ் என்ற பூஞ்சை மண்ணில் வாழ்வது. சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள அதன் வித்து, மூச்சோடு நுரையீரலுக்குள் போனதும் பிற கிருமிகளைப் போலப் பெருகுவதில்லை. இருந்த இடத்திலேயே பருத்துச் சில நூறு மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்கிறது. எத்தனை வித்துகள் உள்ளே போயினவோ ஏறத்தாழ அத்தனை உருண்டைகள். ஆகவே, ஒரு விலங்கின் நுரையீரல் அது சுவாசித்த மண்தூசியின் கணக்கேடு என்றே நான் கருதுகிறேன். வளை தோண்டும் எலிகளும் அகழெலிகளும் நமக்கு முன்பே அந்தத் தூசியைச் சுவாசிக்கின்றன. நோய் அவற்றிடமிருந்து நமக்குத் தொற்றுவதில்லை. இருவருக்கும் மண்ணிலிருந்தே வருகிறது. எனவே விலங்குகளைக் கொல்வதால் எந்தப் பயனும் இல்லை என்பதை இம்மனுவிலேயே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

விலங்கின் உடல் மனித நோய்க்குத் துப்புக் கொடுத்ததற்கு முன்னுதாரணம் உண்டு. 1942இல் எம்மன்ஸ், ஆஷ்பர்ன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் அரிசோனாவின் காட்டுக் கொறிணிகளை ஆராய்ந்து, மனிதரைத் தாக்கும் காக்சிடியாய்ட்ஸ் பூஞ்சையையும் எம்மோன்சியா வகை ஒன்றையும் பிரித்தெடுத்தார்கள். டாலரோமைசிஸ் மார்னெஃபை என்ற பூஞ்சை 1956இல் வியட்நாமில் ஒரு மூங்கில் எலியில் கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, தென்கிழக்கு ஆசியாவில் எச்.ஐ.வி. தொற்றுள்ள பலரின் உயிரைப் பறிக்கும் நோயாக அது உருவெடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைப் பட்டியலில் இதுவும் காக்சிடியாய்ட்ஸும் இடம்பெற்றுள்ளன.

மனிதரிடம் இந்நோய்கள் காசநோய் வேடத்தில் வருகின்றன. நுரையீரல் எங்கும் பொடிப்பொடியான புள்ளிகளோடு ஓர் எக்ஸ்-ரே வந்தால் யாருக்கும் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். அடியாஸ்பைரோமைகோசிஸில் பூஞ்சை நுரையீரலுக்குள் பெருகாததால் சளிப் பரிசோதனையில் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. திசுவை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். லேசாகப் பாதிக்கப்பட்டவர்கள் தானாகவே தேறிவிடுவதுண்டு. ஆனால் மூச்சுத்திணறலோடு வருபவருக்குக் காசநோய் மாத்திரைகளை மாதக்கணக்கில் கொடுப்பது, பூஞ்சையை ஒன்றும் செய்யாமல் அவரை வாட்டுவதாகும். இதை நினைக்கும்போதெல்லாம் கோப்பில் தங்கிவிட்ட அந்த ஒரு வரி என்னை உறுத்துகிறது.

எனவே, காட்டுப் பாலூட்டிகளின் பிணக்கூறாய்வில், இறப்பின் காரணம் எதுவாயினும், நுரையீரல் திசுவைப் பூஞ்சைச் சாயமேற்றிப் பார்ப்பதைக் கட்டாயமாக்குமாறு வேண்டுகிறேன். அம்முடிவுகளை, விலங்கு கிடைத்த இடத்தோடு, சுகாதாரத் துறையும் கால்நடைத் துறையும் வனத்துறையும் சேர்ந்து பார்க்கும் ஒரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நான் முதன்மையாகக் கேட்பது இந்தப் பதிவேட்டைத்தான். காசநோய்ப் பரிசோதனைகளில் கிருமி தென்படாத, மருந்துக்கும் குணமாகாத நோயாளியிடம் மண் தோண்டுதல், குகைக்குள் செல்லுதல், பழைய தொழுவத்தைத் துப்புரவு செய்தல் போன்ற வேலை விவரங்களைக் கேட்கவும், தேவையானால் திசு ஆய்வுக்கு அனுப்பவும் மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். மண்ணைக் கிளறும் பணியாளர்களுக்குத் தூசி தடுக்கும் முகக்கவசம் வழங்கவும் ஆணையிட வேண்டுகிறேன்.

பதிவேட்டின் மாதிரிப் படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் குறிப்பிடும் நாளில் நுண்ணோக்கிக்கான திசுத் தகடுகளுடன் நேரில் வந்து விளக்கவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கால்நடை மருத்துவர்

இணைப்பு: மாதிரிப் படிவம் – 1