முதலில் இரைச்சலை அளக்கட்டும், பிறகு சாலையை வரையட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகும் நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். இருபுறமும் ஒவ்வொரு தடம் கூடுகிறதாம். இதற்காகச் சமூகக் கூடத்தில் கூட்டம் நடத்தினார்கள். வரைபடங்களைச் சுவரில் மாட்டி, எந்த மரம் போகும், எந்த மதகு நீளும் என்று பொறுமையாகவே விளக்கினார்கள். "இரைச்சலை அளந்தீர்களா?" என்று கேட்டேன். "இது நகரத்துக்குள் நடக்கிற வேலை அம்மா, அதற்கு ஆய்வு தேவையில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பதில் பொய்யில்லை. வீட்டுக்கு வந்து விதிகளைத் தேடிப் படித்தேன். 2014ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுடன் வந்த முதல் பட்டியலில் 56ஆம் இனம் சாலை விரிவாக்கம் பற்றியது. 13.5 மீட்டருக்கு மேல் நிலம் ஒதுக்கப்பட்ட சாலையை 6 மீட்டருக்கு மேல் அகலப்படுத்தினால் மதிப்பீடு செய்து அனுமதி பெற வேண்டும் என்கிறது. அந்த இனத்தின் கடைசி வரியில், நகர்ப்புறத்துக்குள் செய்தால் விலக்கு. மாடு மேய்கிற வெளியில் சாலை விரிந்தால் மதிப்பீடு உண்டு, மனிதர் உறங்கும் ஜன்னலை நோக்கி விரிந்தால் இல்லை! புல்வெளியையும் ஓடையையும் மனத்தில் வைத்து அந்த வரியை எழுதியிருக்கலாம். அந்த அளவில் அது நியாயம்தான். இரைச்சலுக்கு அது எப்படிப் பொருந்தும்? கேட்கும் காது எங்கே அதிகமோ அங்கேதானே தொல்லையும் அதிகம்?

விலக்கு என்றால் தடை என்று பொருளில்லை. பட்டியல் கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஆய்வு செய்யலாம். அதற்கான முறையும் நம் நாட்டிலேயே இருக்கிறது. இரைச்சல் தாக்கத்தை எப்படி ஆராய்வது என்பதற்கு எஸ்.ஏ.என்.எஸ். 10328 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரநிலை உண்டு. எஸ்.ஏ.என்.எஸ். 10103 தரநிலை, நகர்ப்புறக் குடியிருப்புக்கு வீட்டுக்கு வெளியே பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும் சாலை இரைச்சலுக்கு இரவு அளவு அதே 45தான். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நிதியில் நடக்கும் நெடுஞ்சாலை வேலையில், நேராகச் செல்லும் தடம் ஒன்று கூடினாலே இரைச்சல் ஆய்வு கட்டாயம். ஊருக்குள்ளா வெளியிலா என்ற பேச்சே அங்கே இல்லை.

"வண்டிகள் இரண்டு மடங்கானாலும் 3 டெசிபல்தான் கூடும்" என்று அன்று ஒருவர் சொன்னார். மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால் அது சரியான கணக்குதான். ஆனால் இங்கே மற்றதும் மாறுகிறது. புதிய தடம் எங்கள் வேலிப் பக்கம் வருகிறது. அதற்காக வெட்டப்படும் மண்மேடுதான் இதுவரை லாரிகளின் சக்கரத்தை எங்கள் கண்ணுக்கு மறைத்தது. கண்ணுக்கு மறைத்தது காதுக்கும் கொஞ்சம் மறைத்தது. பதிலுக்கு மரம் நடுவார்களாம். நடட்டும், எனக்கு மரம் பிடிக்கும். ஆனால் இரண்டு வரிசை மரம் சாலையைக் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர, சத்தத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும்.

பின் அறையில் என் மாமியார் படுக்கிறார். வயது 84. துறைமுகத்திலிருந்து சரக்கேற்றி வரும் லாரிகள் விடிய விடிய ஓடுகின்றன. சரிவில் இறங்கும் லாரி வேகத்தை எஞ்சினாலேயே பிடித்து நிறுத்தும்போது ஓர் உறுமல் வரும், ஆசிரியர் அவர்களே. அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அத்தை எழுந்து உட்கார்ந்து, "யாரோ கதவைத் தட்டுகிறார்கள், போய்ப் பார்" என்பார். நான் போய்க் கதவைத் திறந்து காட்டிய பிறகுதான் மறுபடி படுப்பார். சில இரவுகளில் இரண்டு முறை, சில இரவுகளில் நான்கு முறை. ஒரு மணி நேரத்துச் சராசரியை மட்டும் காகிதத்தில் போட்டால் அந்த உறுமல் அதில் கரைந்து காணாமல் போய்விடும். அதனால்தான் இரவில் அளக்கச் சொல்கிறேன், லாரிகளைத் தனியாக எண்ணச் சொல்கிறேன்.

"சாலையோரம் வீடு இருந்தால் சத்தம் கேட்கத்தானே செய்யும்" என்றும் ஒருவர் சொன்னார். எங்களில் பலருடைய பெற்றோர் இந்த இடத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால், டர்பனின் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் கிளப்பி, சாட்ஸ்வர்த்தின் ஒட்டு வீடுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்பதெல்லாம் அலுவலகத்தில் முடிவானது. அவர்களுடைய பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா?

எல்லா வேலைக்கும் ஆய்வு கேட்கவில்லை. தார் போடுவதற்கும் குழி அடைப்பதற்கும் வடிகால் வெட்டுவதற்கும் ஆய்வு கேட்டால் அது வீண் செலவு. தடம் வீட்டை நெருங்குகிறதா, மறைப்பாக இருந்த மேடு போகிறதா, லாரிகள் ஏறி இறங்கப் புதுச் சரிவு வருகிறதா என்று பார்க்கட்டும். ஒன்றுக்கு 'ஆம்' என்று வந்தாலும் அளந்தாக வேண்டும். வரைபடம் முடிவாகும் முன்பே அளக்க வேண்டும். தடுப்புச் சுவர் எழுப்ப இடம் வேண்டுமே! புதிய தடம் அந்த இடத்தையும் விழுங்கிவிட்டால் பிறகு எங்கே கட்டுவார்கள்? இது மேடும் பள்ளமுமான ஊர். கீழ் வரிசை வீட்டுக்கு உதவும் சுவர், அதற்கு மேல் படிப்படியாக ஏறி நிற்கும் வீடுகளுக்கு உதவாது. அங்கிருந்து பார்த்தால் சுவரைத் தாண்டிச் சாலை தெரியும். அவர்களுக்குச் சத்தம் குறைந்த தார்ப்பரப்பு, இரவு வேகக் கட்டுப்பாடு என்று வேறு வழிதான் பார்க்க வேண்டும். எந்த வீட்டுக்கு எது என்பதை அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் கேடில்லாத சூழலில் வாழும் உரிமையை நம் அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு எல்லோருக்கும் தருகிறது. நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு விலக்கு என்று அதில் எழுதவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அத்தை எழுந்த நேரங்களை ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். அதைக் கொண்டுபோய்க் காட்டுவேன். அளவுக் கருவி வைக்க எங்கள் பின் அறை ஜன்னலடியில் இடம் தருகிறேன் என்றும் சொல்வேன். நெடுஞ்சாலை ஓரம் வசிக்கும் உங்கள் வாசகர்களும் தங்கள் ஊர்க் கூட்டங்களுக்குப் போய் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா